கமிட் உரிமையும் பிணைப் பொறுப்பும்: திறமூலத் திட்டங்கள் புதியவரை ஏற்கும் முறை

திறமூல மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தியும் பார்க்கலாம். ஆனால் அத்திருத்தம் திட்டத்தின் பொதுக் களஞ்சியத்தில் இடம்பெற வேண்டுமானால், அங்கே எழுதும் உரிமை பெற்ற ஒருவர் அதை ஏற்றுப் பதிவுசெய்ய வேண்டும். இப்பதிவைக் கமிட் என்றும், அதற்கு உரிமையுடையவரைக் கமிட்டர் என்றும் நிரலாளர்கள் வழங்குவர். வெளியிலிருந்து திருத்தங்களை அனுப்பிவந்த பங்களிப்பாளர் ஒருவர் கமிட்டராகும்போது, அது அவருடைய உழைப்புக்கு அளிக்கப்படும் பரிசாகவோ கணக்குத் திறந்துகொடுக்கும் நிர்வாக வேலையாகவோ கருதப்படுவதே பெரும்பான்மை வழக்கம். இவ்விரு பார்வைகளும் மையமான ஒன்றைத் தவறவிடுகின்றன. புதியவரின் செயலுக்கு மூத்தவர் ஒருவர் பெயர்சொல்லிப் பிணைநிற்பதே இவ்வேற்பின் உயிர்நாடி என்பதும், பிணைநிற்க ஆளில்லாத திட்டம் புதியவரை முறையாக ஏற்கவும் துணிந்து மறுக்கவும் இயலாத நிலைக்குத் தள்ளப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

புதியவரைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகின்றன. 1999-இல் நிறுவப்பட்ட அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில், ஒவ்வொரு திட்டத்தின் மேலாண்மைக் குழுவும் ஒருவருடைய நெடுநாள் பங்களிப்பைப் பார்த்து, வெளியில் அறிவிக்காமல் தமக்குள் வாக்கெடுத்து முடிவுசெய்கிறது. தேர்வுபெற்றவர் தம் நிரலைப் பயன்படுத்த அறக்கட்டளைக்கு உரிமமளிக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்பே அவருக்குக் கணக்கு கிடைக்கிறது. லினக்ஸ் வழங்கலான டெபியன் திட்டம் 2007-இல், குறிப்பிட்ட சில பொதிகளை மட்டும் தாமே பதிவேற்ற அனுமதிக்கும் இடைநிலை ஒன்றை உருவாக்கியது. இவை யாரை ஏற்பது, எந்த அளவுக்கு ஏற்பது என்னும் கேள்விகளுக்கு விடையளிக்கின்றன. ஏற்றுக்கொண்ட மறுநாளில் தொடங்கும் சிக்கல் இவற்றினும் நுட்பமானது.

பங்களிப்பாளராக இருந்தவரை அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் இன்னொருவரின் கண்ணைக் கடந்தே களஞ்சியத்தை அடைந்தது. அந்த இன்னொருவர் பிழை கண்டார், காலம் தாழ்த்தினார், சில வேளைகளில் மறுத்தார். கட்டாய மீளாய்வு விதி இல்லாத திட்டங்களில், கமிட் உரிமை கைக்கு வந்த அன்றே அந்த இரண்டாவது கண் விலகிவிடுகிறது. அதுமட்டுமன்றி, இதுகாறும் அவர் நிரூபித்த திறன் நல்ல திருத்தத்தை எழுதும் திறனே. கமிட்டரிடம் எதிர்பார்க்கப்படுவதோ, எதைச் சேர்க்கக் கூடாது, எதை வெளியீட்டுக்கு முன் தொடக் கூடாது, எந்தப் பகுதியை அதன் பொறுப்பாளரைக் கேளாமல் மாற்றக் கூடாது என்றறியும் மதிப்பீடு. முன்னதை எவ்வளவு அளந்தாலும் பின்னதை அறிய முடியாது. எத்தனை திருத்தங்கள் அனுப்பினார் என்ற எண்ணிக்கையை மட்டும் கொண்டு உரிமை வழங்குவது இதனாலேயே பிழையான முறை.

இவ்விடைவெளியை உணர்ந்து வகுக்கப்பட்ட முறையாக ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தின் ஏற்பாட்டைக் கொள்ளலாம். 1993-இல் தொடங்கிய அத்திட்டத்தில், அடிப்படை அமைப்பு, பிற மென்பொருள்களை நிறுவ உதவும் போர்ட்ஸ் தொகுப்பு, ஆவணங்கள் என மூன்று களங்களுக்கும் கமிட் உரிமை தனித்தனியே வழங்கப்படுகிறது. உரிமை பெறும் ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி ஒருவர் அமர்த்தப்படுகிறார். தொடக்கக் காலத்தில் புதியவர் செய்யும் கமிட் ஒவ்வொன்றும் அவ்வழிகாட்டியின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும், அவ்வொப்புதல் கமிட்டுடன் சேரும் குறிப்பிலேயே அவர் பெயரோடு எழுதப்படவும் வேண்டும். இக்காலத்தில் புதியவரின் செயல்களுக்கு வழிகாட்டி தாமே பொறுப்பேற்கிறார் என்பதைத் திட்டத்தின் கமிட்டர் கையேடு வெளிப்படையாகவே கூறுகிறது. விலகிய இரண்டாவது கண், இம்முறை பெயரும் பொறுப்பும் உடைய கண்ணாக, மீண்டும் அமர்த்தப்படுகிறது என்பதே இதன் பொருள்.

அத்திட்டத்தில் கமிட்டர்களையும் அவர்களுடைய வழிகாட்டிகளையும் அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டும் வரைபடக் கோப்பு ஒன்று மூலநிரலோடு சேர்த்தே பேணப்படுகிறது. புதியவர் தொடக்கத்தில் செய்யும் கமிட்டுகளுள் ஒன்று, இக்கோப்பில் தம் பெயரைச் சேர்ப்பது. யார் யாருக்குப் பிணைநின்றார் என்பது மறைந்துபோகாத பொது ஆவணமாக இவ்வாறு நிலைக்கிறது. கமிட்டர்களின் பிறந்தநாள்களைக் கொண்ட நாள்காட்டிக் கோப்பொன்றும் அங்கே உண்டு. இவற்றை வெறும் சடங்கு என்று ஒதுக்குவது பொருந்தாது: தவறினாலும் பெரிய கேடு விளையாத சிறு கமிட்டைச் செய்வதன் வழியாகவே புதியவர் கருவிகளையும், குறிப்பெழுதும் மரபையும், ஒப்புதல் கேட்கும் ஒழுங்கையும் ஒருசேரக் கற்கிறார்.

உரிமையைக் காப்பதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. 2012 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் இரண்டு கணினிகளுக்குள் அயலார் ஊடுருவியது கண்டறியப்பட்டது. முறையான அணுகலுடைய உருவாக்குநர் ஒருவரின் எஸ்எஸ்எச் சாவி, அதாவது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மறைக்கோப்பு, கசிந்ததே காரணமென்று திட்டம் அறிவித்தது. அடிப்படை அமைப்பின் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை. எனினும் நல்லெண்ணம் உடையவரின் கவனக்குறைவும் தீயோர்க்கு வாயிலாகும் என்பது தெளிவாயிற்று. நெடுங்காலம் பயன்படுத்தப்படாத உரிமையைத் திட்டம் திரும்பப் பெற்றுக் காத்துவைக்கும் வழக்கத்தை இவ்வொளியில் காண வேண்டும். அது அவமதிப்பு அன்று.

பிணைமுறையின் தேவையை எதிர்மறையாக உணர்த்தியது எக்ஸ்இசட் என்னும் மென்பொருளில் நேர்ந்த நிகழ்வு. தரவுகளைச் சுருக்கும் இம்மென்பொருள் லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில் இருந்தும், நெடுங்காலம் ஒரே தன்னார்வப் பராமரிப்பாளரின் உழைப்பிலேயே நடந்துவந்தது. ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பயனுள்ள திருத்தங்கள் வரத் தொடங்கின. 2022-இல் வேறு சில பெயர்களில் எழுதியோர், வேலை தாமதமாகிறது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பராமரிப்பாளரை நெருக்கினர். காலப்போக்கில் அந்தப் புதியவர் வெளியீடுகளைத் தாமே செய்யும் நிலையை அடைந்தார். 2024-இல் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு நிரல் ஒளிந்திருந்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் நிரலாளர் அதை மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார்.

இந்நிகழ்விலிருந்து, புதியவர்களை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் வருகின்றனர். ஆயின் அந்தப் புதியவர் வழக்கமான சோதனைகளில் தோற்றிருக்கமாட்டார். ஈராண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து காட்டியவர் அவர். வழிகாட்டி ஒருவர் இருந்திருந்தாலும் அவரும் ஏமாந்திருக்கலாம் என்ற மறுப்பை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். எனினும், தாக்குதலைத் தூண்டிவிட்ட உருவாக்க நிரலின் ஒரு பகுதி களஞ்சியத்தில் இன்றி வெளியீட்டுக் கோப்பில் மட்டுமே இருந்தது என்பது கருதத்தக்கது. வெளியீட்டைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமையுடைய இரண்டாமவர் இருந்திருந்தால், அவ்வேறுபாடு கண்ணில் படும் வாய்ப்பு இருந்தது. அதனினும் முதன்மையானது, சோர்ந்திருந்த தனியொருவரை நெருக்கியதுபோல ஐவர் கொண்ட குழுவை எளிதில் நெருக்கியிருக்க முடியாது என்பது. குறை அந்தப் பராமரிப்பாளரின் விழிப்பில் இல்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு அவர் உழைப்பின் மேல் கட்டி எழுப்பியவர்களிடமே உள்ளது.

ஆகவே புதிய கமிட்டரை ஏற்பதற்கு முன் திட்டமொன்று எண்ண வேண்டியது, புதியவரின் தகுதியை மட்டுமன்று. அடுத்த பல மாதங்களுக்கு அவருடைய கமிட்டுகளைப் படித்து மறுமொழி தரக்கூடிய மூத்தவர் எத்தனை பேர் என்பதையும் ஆகும். இதற்கு மூத்தவர்கள் ஒதுக்கும் நேரமே திறமூல உலகில் மிக அரிதாகிவரும் வளம். ஒரு மென்பொருளைச் சார்ந்து வணிகம் செய்யும் நிறுவனங்கள் புதிய கூறுகளை எழுதத் தம் ஊழியரை அனுப்புவதைவிட, மீளாய்வுக்கும் வழிகாட்டலுக்கும் அவர்களுடைய பணிநேரத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது அம்மென்பொருளுக்கு இன்று கூடுதலாகப் பயன்படும். அப்பங்கு மூத்தவர்களின் சுமையைக் குறைக்கும்போதுதான், அடுத்து வருபவருக்குப் பிணைநிற்க அவர்களால் இயலும்.