துண்டும் விசாவும்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோருக்குக் கடல் ஒரு வேலியாக இருந்ததில்லை. 1905ஆம் ஆண்டில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் கூடிய பெருஞ்சலாபத்தில் தமிழகக் கரையின் முஸ்லிம்களும் பரதவரும், அரபு நாட்டுக் குளிகாரரும் அருகருகே மூழ்கினர். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளித்தவர்க்கு; எஞ்சியது அரசுக்கு. சலாபம் கலைந்ததும் அவரவர் ஊர் திரும்பினர்.

அதே கடலைக் கடந்த தோட்டத் தொழிலாளரின் நிலையோ வேறு. 1876இல் இரயில் பாதை தூத்துக்குடியை எட்டியபின், கொழும்புக்குக் கப்பலேறுவோரின் வாயில்களுள் ஒன்றாக இத்துறை விளங்கிற்று. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறின. அக்கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதித் தரப்பட்ட சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டில்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் இடமில்லை. 1921இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

‘அயலார் வந்து நம் பிழைப்பைக் கெடுத்தனர்’ என்ற உள்நாட்டாரின் மனக்குறையை வெறும் பகைமை என்று தள்ளிவிடுதல் நீதியன்று. விலகிச் செல்ல இயலாதவன் குறைந்த கூலிக்கும் இசைவான். அவன் இசைந்த கூலியே பிறர்க்கும் அளவுகோலாகும். எனினும் அக்குறைக்குக் காரணம் வந்தவனா, அவனைக் கட்டிய சீட்டா என்பதே கேள்வி.

1923இல் கொழும்பு வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்க, தொடக்கத்தில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டியவர். 1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் வேலையின்மை பெருகவே, மலையாளத் தொழிலாளருக்கு எதிராக அவரே கிளர்ச்சி செய்தார். குடியேற்றத்தை ஆராய்ந்த சர் எட்வர்ட் ஜாக்சனின் 1938ஆம் ஆண்டு அறிக்கையோ, இந்தியத் தொழிலாளரால் நாட்டு மக்களின் நலன் கெட்டது என்ற குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆயினும் மறு ஆண்டே அரசு இலாகாக்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்க இலங்கை அரசு முற்பட்டது. ஜவாஹர்லால் நேரு நேரில் சென்று பேசியும் பயன் விளையவில்லை. 1939 ஆகஸ்டு 1 முதல், தேர்ச்சி பெறாத தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடுத்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. மறு ஆண்டு குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் கரையிலிருந்து சென்று கொழும்புக் கடைகளில் கணக்கெழுதியோரும் தற்காலிக அனுமதிச் சீட்டை நம்பி வாழலாயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிற்று.

இதனால் உள்நாட்டுத் தொழிலாளிக்கு விடிவு பிறந்ததா? 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்டு 12ஆம் நாள் ஹர்த்தாலில் தெருவுக்கு வந்தவர்களுள் சிங்களத் தொழிலாளரும் உழவரும் பெருந்திரளினர். அவர்தம் பசிக்கு விசாச் சட்டம் மருந்தாகவில்லை.

இன்று அமெரிக்காவின் எச்-1பி விசாவைக் குறித்தும் இதே வழக்கு நடைபெறுகிறது. வளைகுடா நாடுகளுள் கத்தார், முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமையை 2020இல்தான் வழங்கிற்று. துண்டு போய் விசா வந்தது; ஆளை ஒரே முதலாளியோடு பிணைக்கும் வழக்கம் மட்டும் எளிதில் போகவில்லை. வந்தவனுக்கு வேலை மாறும் உரிமையும் சம கூலியும் கிடைக்கும் நாளிலேயே உள்ளூரானின் கூலிக்கும் காவல் உண்டாகும். இருவரையும் மோதவிட்டு ஆதாயம் காண்பவன் மூன்றாமவன். அவனுக்கு விசா தேவைப்படுவதில்லை.