பொழுதுபோக்காகச் செய்நிரல் கற்க எந்த மொழி?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான சில மாதங்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விநோதமான காலம். உயிலங்குளத்தில் வயலும் வீதியும்தான் பொழுது. காசுள்ளவர்கள் மன்னார் நகரத்தில் ஏதாவது கணினி வகுப்புக்கு அனுப்புவார்கள். என் அக்காவின் மகளும் அப்படி ஒன்றுக்கு மூன்று கிழமை போனாள். பிறகு நின்றுவிட்டாள். கேட்டபோது, "எனக்கு இங்கிலீஷ் வராது மாமா. கொம்பியூட்டர் எல்லாம் அவையளுக்குத்தான்" என்றாள்.

இந்த ஒரு வசனத்தால் எத்தனை பிள்ளைகள் கணினிப் பக்கமே போகாமல் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே அன்று வீட்டுக்கு வந்தேன். நான் கணினித் துறை ஆள் அல்ல. சில வருடங்களாகப் பொழுதுபோக்காகச் செய்நிரல் எழுதுகிறேன், அவ்வளவுதான். அவளுக்காக ஒவ்வொரு மொழியாக மீண்டும் தொட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

பாடசாலையில் அவள் பார்த்தது பஸ்கால். கற்பிப்பதற்கென்றே நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழி, ஒழுங்கானது. ஆனால் ஒவ்வொரு மாறியையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அரைப்புள்ளி ஒன்று தவறினாலும் நிரல் நின்றுவிடும். பரீட்சைக்கு நல்லது. விளையாட்டுக்கு வருபவரை அது வாசலிலேயே மறித்துவிடும்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்க்ரட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007இல் இலவசமாக வெளியிட்டது. கட்டளைகளைக் கட்டைகள் போல ஒன்றோடொன்று பொருத்தினால் போதும், எழுத்துப்பிழைக்கு இடமில்லை. சின்னக் கைத்தொலைபேசித் திரையில் மட்டும் கஷ்டம்.

நான் முதலில் அவளிடம் கொடுத்தது எழில். முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கிய, தமிழிலேயே நிரல் எழுதும் மொழி. என். சொக்கனோடு சேர்ந்து அவர் எழுதிய ‘தமிழில் நிரல் எழுது’ என்ற நூலும் உண்டு. ஒரு துண்டைப் பாருங்கள்:

மூட்டை = 42
@( மூட்டை > 40 ) ஆனால்
பதிப்பி "நல்ல விளைச்சல்"
இல்லை
பதிப்பி "பரவாயில்லை"
முடி

நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். ஆங்கிலக் கட்டளைகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்காமல், நாங்கள் பேசும் ஒழுங்கிலேயே அமைத்திருக்கிறார்கள். அவள் இதை ஒரு தடவை வாசித்தாள். நான் விளக்கமே சொல்லவில்லை. 42ஐ 30 ஆக்கி என்ன வருகிறது என்று தானே பார்த்தாள். பயம் போக அந்த ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

ஆனாலும் எழிலோடு நின்றுவிடும்படி நான் சொல்ல மாட்டேன். சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் குறைவு, பார்த்துப் பழக எடுத்துக்காட்டுகளும் குறைவு. அதனால் இரண்டாவது கிழமையே பைதனுக்கு மாறினோம். கீடோ வன் ரொசம் 1991இல் வெளியிட்ட மொழி அது. எழிலே பைதனில் எழுதப்பட்டதுதான். எங்கள் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திலும் பைதன் இருக்கிறது, ஆகவே விளையாட்டாகப் படித்ததும் வீண்போகாது. மடிக்கணினி வேண்டும் என்றில்லை. ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் பைட்ராய்ட் என்ற செயலியை ஒருமுறை இறக்கிவிட்டால், டேட்டா இல்லாமலும் எழுதலாம்.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று: பைதன் மூன்றில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நெல், விலை, கூலி என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள்தான் ஆங்கிலம். தொடக்கத்துக்கு அப்படி இருபது சொல் தெரிந்தால் தாராளம். இருபது சொல்லுக்கு ஆங்கில வகுப்பு தேவையில்லை. இன்னொன்று, இணையப் பக்கங்களிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி வந்தால் பைதன் பிழை காட்டும். நேரான குறியாக மாற்றுங்கள். நாங்கள் இதிலேயே ஒரு மணித்தியாலம் தொலைத்தோம்.

மூன்றாவது நாள் அவள் கோபத்தோடு வந்தாள். ‘மன்னார்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதனிடம் கேட்டிருக்கிறாள். ஏழு என்றதாம். "இதுக்குத் தமிழே தெரியாது மாமா."

தெரியாதுதான். யுனிகோட் முறையில் ‘ன்’ என்பது ஓர் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘ன’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘னா’வும் அப்படியே, ‘ன’வும் அரவும். பைதன் எண்ணுவது இந்தத் துண்டுகளைத்தான். உயிலங்குளத்துக்குப் பதினொன்று சொல்லும். நாங்கள் எண்ணினால் ஏழு. ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பு இதைச் சரியாகப் பிரித்துத் தரும். ஆனால் நான் அதைக் காட்டவில்லை. கள்ளத்தனம்தான். அவளே வழி கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு நாள் எடுத்தது. உயிர்மெய்க் குறிகள் பதினொன்றையும் புள்ளியையும் ஒரு பட்டியலில் போட்டு, அந்தப் பன்னிரண்டில் எது வந்தாலும் எண்ணாதே என்று எழுதியிருந்தாள். மன்னாருக்கு நான்கு வந்தது. உயிலங்குளத்துக்கு ஏழு. ‘க்ஷ’ வந்தால் மட்டும் இன்னும் இரண்டு என்கிறது, அதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளது பாட்டனார் பெயர் லக்ஷ்மணன், அதனால் அது அவசரமாம்.

எந்த மொழி என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இப்படித்தான் சொல்கிறேன்: ஒரு பின்னேரம் எழில், அடுத்த நாளிலிருந்து பைதன், சின்னப் பிள்ளை என்றால் ஸ்க்ரட்ச். மொழியைத் தேர்வதிலேயே மாதக்கணக்கில் நிற்காதீர்கள். நான் நின்றிருக்கிறேன். காணொளிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஒரு வரிகூட எழுதாமல் ஒரு பெரும்போகம் முழுதும் போனது.

எழுத்தெண்ணி ஓடியதைப் பார்த்த அக்கா, தன் சீட்டுக் கணக்கையும் அதற்குள் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறா. பதினெட்டுப் பேர், கழிவு மாதாமாதம் மாறும். மருமகள் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.