சாத்தமின் பூமர் ஹார்டிங்: ஓர் அணியின் வரலாறு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது சாத்தம். அமெரிக்காவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி வடக்கே நடந்து வந்தவர்கள் குடியேறிய ஊர்களில் முக்கியமானது. 1858-ல் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் தன் கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட மாநாட்டைக் கூட்டியது இங்கேதான். கறுப்பினப் பத்திரிகையாளர் மேரி ஆன் ஷாட் நடத்திய 'ப்ரொவின்ஷியல் ஃப்ரீமேன்' இதழும் சில காலம் இங்கிருந்து வெளிவந்தது. இந்த ஊரின் கிழக்குப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. அங்குள்ள ஸ்டர்லிங் பூங்காவில் கூடிப் பேஸ்பால் ஆடிய இளைஞர்கள்தான் 1930-களின் தொடக்கத்தில் 'சாத்தம் கலர்ட் ஆல்-ஸ்டார்ஸ்' அணியானார்கள்.

அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த ஆர்ச்சி ஸ்டர்லிங் என்ற வெள்ளையர் இவர்களின் ஆட்டத்தைப் பார்த்து, 1933-ல் நகர லீக்கில் இடம் வாங்கிக் கொடுத்தார். பொருளாதாரப் பெருமந்தம் ஊரை வாட்டிய காலம். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் ஆடினார்கள்.

முதல் பேஸில் நின்றவர் வில்ஃப்ரெட் ஹார்டிங். 1915-ல் பிறந்தவர், எல்லோரும் 'பூமர்' என்றே அழைத்தார்கள். களத்தின் உட்பகுதியில் யார் பந்தை எடுத்தாலும் பெரும்பாலும் அதை முதல் பேஸுக்குத்தான் வீசுவார்கள். தரையில் குதித்து வரும் பந்தானாலும், தலைக்கு மேலே பறக்கும் பந்தானாலும், ஒரு காலை பேஸில் ஊன்றியபடியே எட்டிப் பிடிக்க வேண்டும். நெடிய உருவமுள்ள ஹார்டிங்குக்குப் பொருத்தமான இடம் அது. பிட்சர் ஏர்ல் 'ஃப்ளாட்' சேஸ். வேகமாகப் பந்து வீசியதோடு, மட்டை பிடித்தால் வேலிக்கு அப்பாலும் அனுப்புவார். சேஸ் அடித்த ஹோம் ரன்களைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பல்லாண்டுகள் பேசினார்கள்.

1934-ல் அணி ஒன்ராறியோ அமெச்சூர் பேஸ்பால் சங்கத்தின் இடைநிலை 'பி' பிரிவு இறுதிச்சுற்றை எட்டியது. எதிரணி, ஜார்ஜியன் விரிகுடாக் கரையில் உள்ள பெனிடாங்குயிஷீன் ஊர்க்காரர்கள். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவருக்குக் கோப்பை. அங்கே ஆடப் போனபோது இவர்களுக்குத் தங்க விடுதி கிடைக்கவில்லை. பக்கத்து ஊரில் போய்த் தங்கி, அங்கிருந்து வந்து ஆடினார்கள். ஆளுக்கொரு ஆட்டம் வென்றதும், மூன்றாவது ஆட்டம் பொது இடமான குவெல்ஃப் நகரில் நடந்தது.

அந்த ஆட்டத்தை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராமல் ஆட்டம் நீண்டது. பதினோராவது இன்னிங்ஸில் சாத்தம் ஒரு ரன் எடுத்து முன்னேறியது. அக்டோபர் மாதம், மின்விளக்கு இல்லாத மைதானம். வெளிச்சம் போதவில்லை என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். முடிவடையாத இன்னிங்ஸ் கணக்கில் சேராது என்பது விதி. எடுத்த ரன் போயிற்று, ஆட்டம் சமன். விதிப்படி சரிதான் என்றாலும், வெற்றி கைக்கு வந்த பின் பறிபோனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர்கள் திரும்பவும் களமிறங்கினார்கள். மறு ஆட்டத்தில் 13–7 என்று வென்றார்கள். ஒன்ராறியோ மாகாணப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பேஸ்பால் அணி இதுவே.

அந்தத் தொடரில் பெனிடாங்குயிஷீன் அணிக்குப் பந்து வீசியவர்களில் ஒருவர் ஃபில் மார்ச்சில்டன். பின்னாளில் அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஆடிய பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணிக்குப் போய், 1947-ல் ஒரே பருவத்தில் 19 ஆட்டங்களை வென்றார். அருமையான பிட்சர், அவருடைய புகழைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய அணியை வீழ்த்திய சேஸுக்கும் ஹார்டிங்குக்கும் அந்தக் கதவு அடைத்தே கிடந்தது. மேஜர் லீக் அப்போது கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் மான்ட்ரியால் ராயல்ஸில் ஆடியது 1946-ல், புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கியது 1947-ல். அதற்குள் சாத்தம் வீரர்களின் இளமை கழிந்துவிட்டது. இவர்களை 'சிற்றூர் ஆட்டக்காரர்கள்' என்று எழுதும்போது, சிற்றூரோடு இவர்களை நிறுத்தியது யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1939-ல் போர் வந்தது, அணி கலைந்தது. ஹார்டிங் கனடாப் படையில் சேர்ந்தார். திரும்பி வந்ததும் விண்ட்சர் ஸ்டாஃபோர்ட்ஸ் அணிக்காக ஐஸ் ஹாக்கி ஆடினார். சாத்தமின் முதல் கறுப்பினத் தபால்காரரும் அவர்தான். 1991-ல் காலமானார்.

அணியில் ஆடிய இன்னொருவர் ஃபெர்குசன் ஜென்கின்ஸ். அவருடைய மகன் ஃபெர்கி ஜென்கின்ஸ் 1942-ல் சாத்தமில் பிறந்து, மேஜர் லீக்கில் 284 ஆட்டங்களை வென்று, 1971-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். 1991-ல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கனடியரானார். தந்தைக்கு மறுக்கப்பட்ட களத்தில் மகன் ஆடினார்.

ஹார்டிங் குடும்பத்தார் செய்தித்தாள் நறுக்குகளையும் படங்களையும் ஒட்டுப் புத்தகங்களில் சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றை அடிப்படையாகக் கொண்டு விண்ட்சர் பல்கலைக்கழகம் அணியின் வரலாற்றை ஆவணமாக்கியது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் 1934-இன் பெயர்கள் உள்ளூர்ப் பேச்சோடு போயிருக்கும். பூமரையும் ஃப்ளாட் சேஸையும் தவிர அந்த அணியில் ஆடிய சிலரை இங்கே பதிவு செய்கிறேன்: கிங் டெரெல், டான் வாஷிங்டன், டான் டாப்ரன், லென் ஹார்டிங், சகாஸ்டா ஹார்டிங், ஸ்டான்டன் ராபின்ஸ், ஹைல் ராபின்ஸ், ராஸ் டால்பட், கிளிஃப் ஓல்பி, கூய் லாட்.