மருந்தும் துஆவும்: திருவொற்றியூரிலிருந்து ஏர்வாடி வரை ஒரு வரலாற்றுத் தடம்

வடசென்னைக் கடற்கரையில் இரு ஞானியர் அடங்கியுள்ளனர். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி கொண்டுள்ளார். அதற்குத் தெற்கே இராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியில் குணங்குடி மஸ்தான் சாகிபு அப்பா அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிராகப் பிறந்த அப்பெருமகனார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்து தங்கினார். தொண்டியார் வாழ்ந்தமையால் தொண்டியார்பேட்டை எனப் பெயர் வந்தது என்று கூறுவர். உலகியலை மறந்து திரிந்த அவ்விருவரையும் அவர்கள் காலத்து மக்களிற் பலர் பித்தர் என்றே கருதினர். 'மஸ்தான்' என்னும் சொல்லே தன்னை மறந்த போதையில் திளைப்பவர் என்னும் பொருளுடையது.

இறைக்காதலில் தன்னை இழந்தவரை நம் மரபு 'மஜ்தூப்' என்றது. நோயினால் அறிவு கலங்கியவரை 'மஜ்னூன்' என்றது. இவ்விரண்டையும் முன்னோர் வேறு பிரித்தே அறிந்திருந்தனர். பின்வந்த நாம் அந்த வேறுபாட்டை மறந்ததனால் எத்தனையோ குடும்பங்கள் துயருற்றன. இராமநாதபுரக் கரையிலிருந்து ஒரு ஞானி வடசென்னைக்கு வந்தார். பிற்காலத்தில் வடசென்னையிலிருந்து மனநோயாளர்களை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் அதே இராமநாதபுரக் கரையிலுள்ள ஏர்வாடிக்குப் பயணமாயின. இந்தப் பயணம் ஏன் மருத்துவமனையின் வாயிலைத் தொடாமலே நிகழ்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இஸ்லாமிய மருத்துவ வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வினா பெருவியப்பளிக்கும். நோய் எதனையும் அதற்குரிய நிவாரணமின்றி இறைவன் இறக்கவில்லை என்பதும், மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். இறப்பு நேர்ந்த வீட்டாருக்கும் நோயுற்றோருக்கும் வாற்கோதுமைக் கஞ்சியாகிய 'தல்பீனா'வைக் காய்ச்சித் தருமாறு அன்னை ஆயிஷா (ரலி) கூறுவார்கள். அது உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்பது நபிமொழி. மகனைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. துயரம் ஈமானின் குறைபாடு என்றால் இறைத்தூதரின் கண்ணீருக்கு என்ன பெயர் சூட்டுவது?

இந்தப் போதனையின் வழியே அறிஞர்கள் வளர்ந்தனர். பல்க் நகரத்து அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடல், உள்ளம் இரண்டின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சம், சினம், துக்கம், ஓயாத ஊசலாட்டமாகிய வஸ்வாஸ் என உள்ளத்தின் நோய்களை வகுத்தார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் புலப்படாத துக்கம் வேறு என்று பிரித்தார். பின்னதற்கு உடலிலும் மூலம் உண்டு என்று கண்டு, அதற்கேற்ற மருத்துவம் கூறினார். உடல்நோய்க்கு மருந்தை முன்கூட்டியே எடுத்து வைப்பதுபோல, உள்ளம் கலங்கும் வேளைக்கு உதவும் நல்லெண்ணங்களையும் நலமான நாளிலேயே சேமித்து வைக்குமாறு அறிவுறுத்தினார். இன்றைய உளவியல் சிகிச்சையை அறிந்தோர் இதில் அதன் சாயலைக் காண்பர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வு இதனினும் நெருக்கமான சான்று. 1095ஆம் ஆண்டில், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, அவர்களின் நாவு கட்டுண்டது. பாடம் நடத்த இயலவில்லை. உணவு செல்லவில்லை, உடல் நலிந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியது என்றும், உள்ளத்தின் கவலை தணிந்தாலன்றிக் குணமாகாது என்றும் கூறினர். இவற்றையெல்லாம் இமாம் அவர்களே தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்கள். அந்த நிலைக்கு இன்றைய நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டுவது நம் நோக்கமன்று. மருத்துவரை அழைத்ததையும், உள்ளம் தளர்ந்ததையும் மறைக்காமல் உரைக்க 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' நாணவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

தனிமனிதர் அறிவு நிறுவனமாகவும் உருவெடுத்தது. 1154இல் நூருத்தீன் ஜங்கி டமாஸ்கஸில் மருத்துவமனை நிறுவினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்குத் தனிப்பகுதி இருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்றுகள் அமைந்தன. எடிர்னே நகரில் 1488இல் நிறைவுற்ற இரண்டாம் பாயஸீத் மருத்துவமனையில் நோயாளர்க்கு இசை மீட்டப்பட்டதையும், நறுமலர்கள் வழங்கப்பட்டதையும் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி பதிவு செய்துள்ளார். இவையனைத்தும் வக்ஃபு வருவாயில் நடந்தவை.

எனினும் பெருமை பேசுவதோடு நின்றுவிடின் வரலாறு முழுமையாகாது. அந்த மருத்துவமனைகளிலும் சங்கிலி இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதைக் கண்ட யூதப் பயணி, துதேலா நகரத்துப் பென்யமீன், மனநோயாளர் இரும்புச் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்ததைக் குறிக்கிறார். ஆனால் அதனோடு மற்றொன்றையும் அவர் குறிக்கிறார்: மாதந்தோறும் அலுவலர் வந்து ஒவ்வொருவரையும் விசாரித்து, அறிவு தெளிந்தவரைச் சங்கிலி நீக்கி வீட்டுக்கு அனுப்பினர். அங்கே மருத்துவரும் விசாரணையும் விடுதலையும் இருந்தன. நாம் இழந்தவை அம்மூன்றுமே. சங்கிலி மட்டும் நம்மிடம் எஞ்சியது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் அது வெளிப்பட்டது. தர்காவை நாடி வந்தோரைத் தங்கவைத்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தமையால் பலருக்கு எழுந்தோட வழியில்லை. 28 பேர் மாண்டனர். அப்பழி அந்த இறைநேசரின் அடக்கத்தலத்தைச் சாராது. நம்பிக்கையை வாணிபமாக்கியோரையும், கொண்டுபோய் விட்டபின் திரும்பிப் பாராத உறவினரையும், கண்டும் காணாதிருந்த நம்மையும் சாரும். காப்பகங்கள் மூடப்பட்டன. மீட்கப்பட்டோரில் பலர் சென்னை கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, மாநிலந்தோறும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றேனும் இருத்தல் வேண்டும் எனப் பணித்தது.

அவர்கள் வந்து சேர்ந்த கீழ்ப்பாக்கத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1794இல் வாலண்டைன் கொனோலி என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய சிறு காப்பகமே அதன் வித்து. 1871இல் அது அரசுக் காப்பகமாகக் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. 1922இல் மனநோய் மருத்துவமனை என்றும், 1978இல் மனநலக் கழகம் என்றும் பெயர் மாறியது. பெயர் மாறினும் 'கீழ்ப்பாக்கம்' என்றாலே ஏளனமாகச் சிரிக்கும் வழக்கம் மாறவில்லை. பாரசீக மொழியில் மருத்துவமனை என்று பொருள்பட்ட 'மாரிஸ்தான்' என்னும் சொல் பின்னாளில் பைத்தியக்கார விடுதி என்று பொருள் திரிந்ததை இதனோடு ஒப்பிடலாம். மக்களின் அச்சமே இவ்விடத்தும் அவ்விடத்தும் சொல்லின் மதிப்பைக் குறைத்தது.

திருவொற்றியூர் உழைப்பாளர் ஊர். தீப்பெட்டி ஆலை, 1955இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் ஆலை, டயர் ஆலை, மீன்பிடித் தொழில் எனப் பல்வகை உழைப்பு இங்கு வளர்ந்தது. இரவுப் பணியால் உறக்கம் கெடும். ஆலை மூடினால் வருவாய் கெடும். கடல் கெட்டால் இரண்டும் கெடும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, கரையோரக் குப்பங்களின் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இத்தகைய வாழ்வில் மனச்சோர்வும் பதற்றமும் தோன்றுதல் இயல்பே. வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, காரணமற்ற படபடப்பு, வாழ்வில் வெறுப்பு ஆகியன அவற்றின் அடையாளங்கள். 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனுமொரு மனநலக் குறையுடன் இருப்பதாகக் கண்டது. பரவலான மனச்சோர்வு, பதற்ற வகைகளில் நூற்றுக்கு 85 பேர் மருத்துவம் பெறவில்லை என்றும் அது கண்டது.

ஓதிப்பார்ப்பதும் துஆ கேட்பதும் நம் மரபு. அவற்றை விடுமாறு நாம் கூறவில்லை. அவை மருந்துக்குத் துணையாகட்டும், மருந்துக்குத் தடையாகலாகாது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008இல் 'தவா–துஆ' என்னும் முறை தொடங்கியது. தர்காவின் முஜாவர்களே நோயாளரை அங்குள்ள மருத்துவரிடம் அனுப்பினர். அம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. சங்கிலி எரிந்த ஊரில் மருத்துவர் அமர்ந்தது நம் பழைய மரபு மீண்டதன் அடையாளம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சங்கிலியிடுதலை எவ்விடத்தும் எவ்வகையிலும் தடை செய்துவிட்டது.

திருவொற்றியூரார்க்கு மருத்துவம் தொலைவில் இல்லை. அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பயன்தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். ஆதலின் பத்து நாளில் பயனில்லை என்று விட்டுவிடலாகாது. தேறியதும் தாமாக நிறுத்தலுமாகாது. ரமழானில் மருந்து வேளையை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். லித்தியம் போன்ற மருந்து உட்கொள்வோர்க்கு நீர் வற்றுதல் ஆபத்தானது. நோயாளர்க்கு நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கும் சலுகையை இறைமறையே வழங்கியுள்ளது.

மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, உடைமை ஆகிய ஐந்தையும் காத்தலே ஷரீஅத்தின் நோக்கம் என்று வகுத்துரைத்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். காக்கப்படவேண்டியவற்றுள் அறிவும் ஒன்றாயின், அது கலங்கும்போது மருத்துவரை நாடுதலும் அந்தக் காவலின் ஒரு பகுதியே. மஸ்தான் அப்பாவின் அடக்கத்தலத்தில் நின்று ஷிஃபாவுக்காகக் கையேந்துவோர், அங்கிருந்து சிறிது தொலைவு நடந்து ஸ்டான்லியின் வாயிலையும் அடைவார்களாயின், அந்தத் துஆவுக்கு அதுவே துணையாகும்.