பூஞ்சைக்கோட்டு மரம்

வெட்டிப் போட்ட மரம் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்து, மக்கிப்போகும் முன்பே அறுத்து உலர்த்தப்பட்டால் அதன் பலகையில் மயிரிழைக் கருங்கோடுகள் வளைந்தோடும். பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றையொன்று அண்டவிடாமல் கட்டிக்கொண்ட எல்லைகள் அவை. மேலைநாட்டார் இதை ஸ்பால்ட்டட் மரம் என்பர். 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய மரப்பதிப்புக் கலைஞர்கள் பச்சை நிறத்துக்காகப் பூஞ்சையேறிய மரத்தைத் தேடினர். 1970களில் அமெரிக்கக் கடைசல் கலைஞர்கள் மெல்வின் லிண்ட்குவிஸ்ட்டும் அவர் மகன் மார்க்கும் கோடோடிய மரத்துக்கு மதிப்பு தேடித் தந்தனர். பின்பு அது கிட்டாரின் மேல்பலகைக்கு ஏறியது. மேப்பிளோடு அங்கே விலைபோவது நம் புளியமரம். வைரம் சிறுத்து வெளிமரம் வெளுத்திருப்பதால் கோடு பளிச்சென்று விழும்.

ஆனால் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியிலிருந்து பலாமரம் வாங்கும் தஞ்சாவூர் வீணை ஆசாரிகள் பூசணம் கண்ட கட்டையைத் தொடுவதில்லை. இதை மரபுப் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைப் பூஞ்சை தின்றுவிடுகிறது. வீணையில் குதிரை நிற்பது குடத்தை மூடிய பலகையின் மேல். தந்தியின் அதிர்வு முழுவதும் அதன் வழியே இறங்கவேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரிலோ கோட்டுமரம் கெட்டியான உடல்மரத்தின் மேல் ஒட்டிய சில மில்லிமீட்டர்ப் போர்வை. ஒலியை எடுப்பது காந்தம். மரம் பாரம் சுமக்கவேண்டாத இடத்தில்தான் உளுத்தது அழகாகியிருக்கிறது. பழைய வீடுகளின் ஆச்சாமரத்தை நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குத் தேடுகிறார்களே என்றால், அது மூப்பு, மக்கல் அன்று: ஈரம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது, கூரைக்கடியில் காய்ந்த உத்திரம் கெட்டிப்பட்டே கிடக்கும்.

கோட்டுமரம் விறைப்பிழந்தது என்பதற்கு மெருகேற்றும் வேலையே சான்று. நகத்தால் அழுத்தினால் மெத்தென்ற இடம் பள்ளம் விழும். வெறுங்கையால் உப்புத்தாள் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, கருங்கோடு மேடாக நிற்கும். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றித்தான் தேய்க்கவேண்டும். தூசி மூச்சுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் ஒருமுறை மட்டும் சுட்ட மண் மெருகுக்குழம்பை உறிஞ்சுவதைப்போல, இந்த மரமும் முதல் பூச்சைக் குடித்துவிடும். எனவே மென்மையான இடங்களில் நீர்த்த சூப்பர் க்ளூவோ எபாக்சியோ ஊட்டிக் கெட்டிப்படுத்தி, சீலர் அடித்த பிறகே தெளிந்த லாக்கர். எண்ணெய் பூசினால் வெண்பகுதி மங்கிக் கோட்டின் எடுப்பே போய்விடும்.

பிசின் ஊட்டிய மரத்தில் அக்கவுஸ்டிக் கிட்டாரும் செய்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. செய்யலாம், பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் பெரிதாகக் கேடில்லை. மேல்பலகைக்குப் போகும்போது பிசின் விறைப்போடு எடையையும் கூட்டி அதிர்வை அமுக்குகிறது. செங்கல் சூளைக்கு விறகாகப் போகும் புளிங்கட்டையில் ஒரு மழைக்காலம் கழித்து அறுத்தால் நல்ல கோடு கிடைக்கக்கூடும்; அதற்கு உரிய இடம் எலெக்ட்ரிக் கிட்டார் போர்வை, வீணைக் குடம் அல்ல.