வெள்ளாறும் இரண்டாம் மார்க்கமும்

சிதம்பரம் பிரதேசத்தின் பூகோளத்தை ஒருமுறை ஊன்றிப் பார்ப்பவர், அது வடக்கே வெள்ளாற்றாலும் தெற்கே கொள்ளிடத்தாலும் கிழக்கே கடலாலும் வரம்பிடப்பட்ட நிலமென்பதையும், அங்கிருந்து சென்னைத் திசையில் செல்வது மனிதனோ வண்டியோ தந்திக் கம்பியோ எதுவாயினும் வெள்ளாற்றை எங்கேனும் கடந்தே தீரவேண்டுமென்பதையும் உடனே உணர்வார். கடப்பதற்கு முக்கியமான இடங்கள் மூன்று: பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ரயில் பாலம், முட்லூரையடுத்த கடலூர்ச் சாலைப் பாலம், அவற்றுக்கு மேற்கே புவனகிரிப் பாலம். ராகவேந்திர சுவாமிகளின் அவதார ஸ்தலமென்று பக்தர்கள் போற்றும் புவனகிரியைப் பற்றி எழுத வேறு விஷயங்கள் ஏராளம். ஆயினும் நான் இங்கே சொல்லப் புகுவது, இந்த ஆற்றைக் கடந்து செய்தி சென்ற வழிகளையும், ஒரு வழி அறுந்தபோது மறுவழி எது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளையும் பற்றியே.

அந்தக் கேள்வி இங்கே மிகக் கடுமையாக எழுந்தது 1781இல். ஹைதர் அலியின் குதிரைப்படை தரைவழிகளையெல்லாம் அடைத்துவிட, கடலூரில் சிக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் சேனைக்குத் தானியம் கடல் மார்க்கமாகவே வரவேண்டியிருந்தது. அக்கடலிலும் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்றபோது அவர் கதி முடிந்ததென்றே தோன்றியது. எக்காரணத்தாலோ பிப்ரவரியில் அக்கப்பல்கள் விலகிச் சென்றன, கடல்வழி திறந்தது. ஜூன் மாதம் வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் கோயிற் கோட்டையைத் தாக்கித் தோற்ற கூட், மறுபடி ஆற்றைத் தாண்டிப் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி, ஜூலை முதல் தேதி அங்கே ஹைதரை வென்றார். வெற்றிக்குத் தளபதியின் திறமையைப் புகழ்வது சரித்திரக்காரர்களின் வழக்கம். அடைபடாமல் எஞ்சிய அந்த ஒரு வழிக்கும் அப்புகழில் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்.

தந்தி வந்த பிறகு இதே பிரச்சினை உலகளாவிய உருவம் கொண்டது. 1865இல் துருக்கிய நாட்டின் தரைக்கம்பி வழியாக இந்தியாவுக்கும் லண்டனுக்கும் தொடர்பு ஏற்பட்டது. ஆனால் வழிநெடுகிலும் ஆங்கிலமறியாத குமாஸ்தாக்கள் கையில் சிக்கிய வாசகம், நாட்கணக்கில் தாமதித்து, உருத்தெரியாமல் சிதைந்து வந்து சேர்ந்ததாகப் புகார்கள் குவிந்தன. ஆகவே 1870இல் ஸீமன்ஸ் சகோதரர்கள் ரஷ்யா, பாரசீகம் வழியாக இரண்டாவது கம்பியை நிறுவினர். அதன் பரீட்சையில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 28 நிமிஷத்தில் செய்தி போனது. எனினும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. துருக்கிய வழி, ரஷ்ய வழி என்று இரண்டாகப் பேசப்பட்ட அம்மார்க்கங்கள் பாரசீக வளைகுடாவின் புஷயர் துறைமுகத்தில் ஒன்றுகூடி, அங்கிருந்து கராச்சி நோக்கி ஒரே வளைகுடாவை நம்பியே சென்றன. அவ்வளைகுடாவில் விபத்து நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே ஊமையாகும். அதே 1870இல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபோதுதான் மெய்யான மறுவழி பிறந்தது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் அக்காலத்திலேயே கம்பி இறங்கியது.

நம் பக்கத்தில், 1870களின் பிற்பகுதியில் தெற்கு நோக்கி நீண்ட ரயில் பாதையோடு தந்திக் கம்பமும் துணைபோயிற்று. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் ‘கார்டு லைன்’ போடப்பட்டபோது, ரயிலுக்கு இரண்டாம் பாதை கிடைத்தது. அதுவும் பெண்ணாடத்தையடுத்து இதே வெள்ளாற்றைக் கடக்கிறதாயினும், அது வெகுதூரம் மேற்கே என்பதால், கடற்கரையோரத்துப் புயல் அதை எளிதில் தொடுவதில்லை.

டெலிபோன் விஷயத்தில் வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலை நெடுநாள் மனிதர் கையிலேயே இருந்தது. 1882 ஜனவரியில் சென்னையில் திறக்கப்பட்ட முதல் எக்ஸ்சேஞ்சு முதற்கொண்டு, இணைப்பைக் கொடுத்தவர் ஆபரேட்டரே. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று டிரங்க் கால் பதிவுசெய்து பகல் முழுதும் காத்திருந்த வியாபாரிகளுக்கு, நேர்வழி அடைபட்டபோது வேறோர் ஊர் வழியாகச் சுற்றிக் கேட்டு இணைத்துத் தந்த ஆபரேட்டர் தெய்வத்துக்குச் சமானம். ஆபரேட்டர்களையே நம்பாத ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர், தம் வாடிக்கையாளர் அழைப்புகள் போட்டிக்காரருக்குத் திருப்பப்படுகின்றனவென்ற சந்தேகத்தில், தானே இணைக்கும் யந்திரத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தொழில் பிரேத அடக்கம் என்பது விநோதமான தகவல். 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. தொடங்கியபின், வழிதேடும் பொறுப்பு நம் நாட்டிலும் படிப்படியாக மனிதரைவிட்டு யந்திரத்துக்கு நழுவியது.

இன்று சிதம்பரத்திலோ புவனகிரியிலோ உள்ள ஒரு வியாபார ஸ்தாபனத்தின் தொலைபேசிகள் இணையத்தின் வழியே பேசுகின்றன. ஸ்தாபனத்துக்குள்ளிருந்து வெளியேறும் வாசலுக்குக் கேட்வே என்று பெயர். வாசல் ஒன்றேயானால் அது பழுதுற்ற கணமே அத்தனை தொலைபேசிகளும் மௌனமாகும். 1998இல் பொதுவிதியாக வெளிவந்த வி.ஆர்.ஆர்.பி. என்ற ஏற்பாட்டின்படி, இரண்டு ரூட்டர்கள் ஒரே விலாசத்தைப் பகிர்ந்துகொள்கின்றன: முதலாவது நொடிக்கொருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்க, அவ்வறிவிப்பு மூன்று நொடிகளுக்குச் சற்று மேல் நின்றுபோனால் இரண்டாவது அவ்விலாசத்தைத் தானே ஏற்கிறது. தொலைபேசிகளுக்கு வாசல் மாறியதே தெரியாது. ஆனால் முதல் ரூட்டர் நலமாயிருந்து, அதற்கப்பால் எங்கோ பாலத்தோரம் ஃபைபர் அறுந்திருந்தால், அது ‘இருக்கிறேன்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே பக்கத்துக் கருவியை மட்டுமன்றி, தூரத்திலுள்ள ஒரு சர்வரை இடைவிடாது விசாரித்து, பதில் வராவிட்டால் வழியை மாற்றும்படி அமைப்பதே அறிவுடைமை. வழி மாறும்போது வெளியுலகம் காணும் விலாசமும் மாறுமாதலால், நடந்துகொண்டிருந்த சம்பாஷணை பெரும்பாலும் அறுந்துபோகும். தொலைபேசி தன் புது விலாசத்தைச் சேவை தருபவரின் சர்வரில் மறுபடி பதிவுசெய்யும்வரை வெளியிலிருந்து வரும் அழைப்புகள் பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். பதிவின் காலவரையறையைக் குறுகலாக வைப்பது இதற்காகவே.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த ‘தானே’ புயல் இவ்வேற்பாடுகளின் எல்லையைக் காட்டியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரமில்லாத இடத்தில் செல்போன் கோபுரத்துக்குப் பேட்டரியும் டீசலும் தீர்ந்தபின் ஆயுளில்லை. கம்பிக்குப் பதிலாகக் கோபுரத்தை மறுவழியாக நம்பியிருந்தாலும், இரண்டுக்கும் மூலாதாரம் ஒரே மின்கம்பமென்றால் அது புஷயரில் கலந்த தந்திக் கம்பிகளின் நிலையே.

ஆகையால் இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இணைப்புகளை வாங்கும் ஸ்தாபனத்தார், மாதக் கட்டணத்தைப் பேரம் பேசுமுன், உங்கள் ஃபைபர் எந்தப் பாலத்தின் வழியாகப் போகிறதென்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது. இரண்டும் முட்லூர்ப் பாலமென்றே விடை வந்தால், ஒன்றையேனும் புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக மேற்கே சுற்றிவரும்படி கோரலாம். இனியொரு விவரம்: பழுதான முதல்வழி உயிர்பெற்றவுடன் அழைப்புகள் தாமாகவே அதற்குத் திரும்பவேண்டுமா, அல்லது பொறியாளர் கையால் திருப்பவேண்டுமா என்பதில் இத்துறையினரிடையே அபிப்பிராய பேதமுண்டு. விட்டுவிட்டு வேலைசெய்யும் இணைப்புக்கு உடனே திரும்பினால் ஒரு மணி நேரத்தில் பத்து முறை பேச்சு அறுமாகையால், ஐந்து நிமிஷமாவது நிதானித்துத் திரும்பும்படி அமைப்பவர்கள் பக்கமே நான்.