178-லிருந்து 34: கர்நாடகத்தின் தேர்தல் கணக்கு

நம்ம ஊரில் 1967-லேயே காங்கிரஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மைசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கர்நாடகத்தில் அது நடக்க 1983 வரை ஆனதுதான். நடுவில் கட்சி உடைந்தபோதும் ஆண்டது ஏதோ ஒரு காங்கிரஸ்தான். எமர்ஜென்சிக்குப் பின் 1977-ல் வட இந்தியா இந்திரா காந்தியைக் கவிழ்த்தபோதுகூட, இங்கே 28 எம்.பி. இடங்களில் 26 காங்கிரஸுக்கு!

ஒரே கட்சி ஆண்டதால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து ஹுன்சூர்க்காரர் தேவராஜ் அர்ஸ் 1972-ல் முதல்வராகி, நிலச் சீர்திருத்தமும் பிற்பட்டோர் இடஒதுக்கீடும் கொண்டுவந்தார். ஆனால் அவர் பதவி போனது எப்படி? 1979-ல் இந்திராவோடு முட்டிக்கொண்டார். 1980 ஜனவரியில் எம்.எல்.ஏ.க்கள் அணி மாற, குண்டு ராவ் முதல்வரானார். சட்டசபைத் தேர்தலே நடக்கவில்லை. ஒரே கட்சி ஆட்சியின் ஆபத்து இதுதான். யார் ஆள்வது என்ற முடிவு ஓட்டுப் பெட்டியிலிருந்து கட்சிக்குள் போய்விடுகிறது.

1983-ல் ராமகிருஷ்ண ஹெக்டே முதல் காங்கிரஸ் அல்லாத முதல்வரானார். 1984 டிசம்பர் லோக்சபா தேர்தலில் காங்கிரஸ் 24 இடங்களை அள்ளியது. ஹெக்டே சட்டசபையைக் கலைக்கச் சொல்லி மறுபடி மக்களிடம் போனார். 1985 மார்ச்சில் ஜனதாவுக்கு 139! மூன்றே மாதத்தில், அதே மக்கள். டெல்லிக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று என்று பிரித்துப் போடத் தெரிந்தவர்கள்.

அடுத்தது 1989. சுமார் 44 சதவீத ஓட்டில் காங்கிரஸுக்கு 224-ல் 178 இடம். அசைக்கவே முடியாத பலம், இல்லையா? ஐந்து வருடத்தில் வீரேந்திர பாட்டீல், பங்காரப்பா, வீரப்ப மொய்லி என்று மூன்று முதல்வர்கள். வெளியே எதிரி இல்லாததால் சண்டை உள்ளே. 1994-ல் 34 இடம்தான் மிஞ்சியது.

நம்ம பக்கமும் 1991-ல் அ.தி.மு.க. கூட்டணி 225 இடங்களைப் பிடித்தது. 22 சதவீதம் ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்குக் கிடைத்தது வெறும் 2. அத்தனை லட்சம் பேருக்காகக் கேள்வி கேட்க சபையில் ஆள் இல்லை. 1996-ல் அது தலைகீழானது, அ.தி.மு.க.வுக்கு 4.

பேங்கில் எவ்வளவு நேர்மையானவர் வவுச்சர் போட்டாலும், இன்னொருவர் பார்த்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். அது சந்தேகம் இல்லை, முறை. சட்டசபையில் அந்த இரண்டாவது கையெழுத்து எதிர்க்கட்சியுடையது. 1985-க்குப் பிறகு 2023 வரை எந்த ஆளுங்கட்சியையும் தேர்தலில் ஜெயித்துத் திரும்ப விடாத கன்னடர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கிறது.

நமக்கு? இங்கே குடியேறிய பலர் பெயர் இன்னும் சேலத்திலோ ஈரோட்டிலோ இருக்கிறது. ஓட்டுப் போட அங்கே போவதில்லை; இங்கே பெயரை மாற்றுவதும் இல்லை. 2006 இடைத்தேர்தலில் இதே மைசூரின் சாமுண்டேஸ்வரி தொகுதியில் சித்தராமையா ஜெயித்த வித்தியாசம் 257 ஓட்டு. ஒரு பெரிய அபார்ட்மென்ட் அளவுகூட இல்லை. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும். யாருக்குப் போடுவது உங்கள் இஷ்டம். பட்டியலில் முதலில் பெயர் இருக்கட்டும்.